ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்டு!

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்."
"ஐ ஆம் நோயிங் ஹிம் வெரி வெல்."
"டெய்லி மார்னிங் ஐ வில் டிரிங்க் காப்பி."

சிரிச்சாச்சா? பாக்கி ஏதாவது இருந்தா அதையும் சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, வெயிட் பண்றேன்.

இந்த மாதிரி நாலு வாக்கியத்தை வச்சுக்கிட்டு ஒரு இண்டஸ்ட்ரியே நடக்குது சாமி. ஸ்டாண்டப் காமெடிக்காரருக்கு இதுதான் மூலதனம். ரீல்ஸ் போடுறவருக்கு இதுதான் கன்டென்ட். ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்காரர் இதைச் சொல்லி பயமுறுத்தித்தான் ஃபீஸ் வாங்குறார். எல்லார் கையிலயும் ஒரே டயக்னோசிஸ் ரெடியா இருக்கு: எம்.டி.ஐ. விரிச்சா மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். பையன் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசுறானாம். தாய்மொழி பிடிச்சு இழுக்குதாம். அதனாலதான் சிம்பிள் பிரசன்ட் எங்க போடணும், பிரசன்ட் கண்டினியுவஸ் எங்க போடணும்னு தெரியாம உளர்றானாம்.

சுத்தப் பொய். தமிழ்ல யோசிச்சிருந்தா மேலே இருக்கிற மூணு தப்புல ஒண்ணுகூட வந்திருக்காது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்க சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

"எனக்கு ரெண்டு தம்பி இருந்துக்கிட்டிருக்காங்க." இப்படி யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "எனக்கு அவரை நல்லாத் தெரிஞ்சுக்கிட்டிருக்கு"ன்னு? "எனக்கு மைசூர்பாகு பிடிச்சுக்கிட்டிருக்கு"ன்னு? பள்ளிக்கூடம் பக்கமே போகாத எங்க பாட்டிகூட இப்படிப் பேசினது கிடையாது. இருக்காங்க, தெரியும், பிடிக்கும். அவ்வளவுதான். இதெல்லாம் நடக்கிற செயல் இல்லை, நிலைமை. அதுல "கிட்டு" போட முடியாதுன்னு ஒவ்வொரு தமிழனுக்கும் மூணு வயசுலயே தெரியும். இங்கிலீஷ்லயும் அச்சு அசலா இதே விதிதான். நோ, ஹேவ், லைக், வான்ட், பிலாங் இதுக்கெல்லாம் சாதாரணமா 'இங்' ஒட்டாது. ஸ்டேட்டிவ் வெர்ப்னு பெரிய பேர் வச்சு, ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கி, நமக்கே திருப்பி விக்கிறாங்க.

இன்னொண்ணு பாருங்க. "அவன் வருவான்னு நினைக்கிறேன்." இது ஐ திங்க். "உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்." இது ஐ ஆம் திங்கிங். முதல் வாக்கியத்துல கிட்டிருக்கேன் போட்டுப் பாருங்க, "அவன் வருவான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்." அர்த்தமே மாறிப்போகும். பாவம், வர மாட்டான் போலிருக்கேன்னு கேக்கிறவனுக்குத் தோணும். ஒரே வினைச்சொல்லை கருத்துக்கு ஒரு மாதிரி, செயலுக்கு ஒரு மாதிரி தமிழ் பிரிச்சு வச்சிருக்கு. இங்கிலீஷும் அதே இடத்துலதான் பிரிக்குது.

அப்புறம் இந்த "ஐ ஆம் நோயிங்" எங்கேர்ந்து வந்துச்சு?

நோட்டுப் புத்தகத்துலேர்ந்து வந்துச்சு. ஆறாம் வகுப்புல நாம எல்லாரும் கோடு போட்டு எழுதின அந்த டேபிள் ஞாபகம் இருக்கா? செய்தேன் - ஐ டிட். செய்கிறேன் - ஐ டூ. செய்துகொண்டிருக்கிறேன் - ஐ ஆம் டூயிங். செய்வேன் - ஐ வில் டூ. முப்பது நாள்ல இங்கிலீஷ்னு பஸ் ஸ்டாண்டுல விக்கிற புத்தகங்கள்லயும் இதே டேபிள்தான். பாக்க எவ்வளவு அழகா இருக்கு! நாலு கட்டம், நாலு பொருத்தம். ஒரே ஒரு பிரச்சினை, தமிழன் எவனும் அப்படிப் பேசுறதில்லை.

தெருவுல போறவரை "எங்க போறீங்க?"ன்னு கேட்டா "கடைக்குப் போறேன்"பார். டேபிள் படி அது ஐ கோ. ஆனா வாத்தியார் "ஐ ஆம் கோயிங்னு சொல்லுடா"ன்னு திருத்துவார். திருத்துறது சரிதான். ஆனா பையன் அன்னைக்கே மண்டைக்குள்ள ஒரு முடிவு எடுத்துடுறான்: போறேன்னா ஆம் கோயிங். சரி, தினமும் செய்யிற வேலையை நாம எப்படிச் சொல்றோம்? "காலையில எழுந்ததும் காப்பி குடிப்பேன். எட்டு மணி பஸ்ல போவேன். சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வருவேன்." எல்லாம் வேன், வேன், வேன். டேபிள்ல தேடினா வேன்னா வில். போடு: "டெய்லி மார்னிங் ஐ வில் டிரிங்க் காப்பி."

இப்போ கணக்குப் பாருங்க. இப்ப நடக்கிறது கண்டினியுவஸுக்குப் போச்சு. வழக்கமா நடக்கிறது வில்லுக்குப் போச்சு. சிம்பிள் பிரசன்ட்டுக்கு என்ன மிச்சம்? ஒண்ணும் இல்ல. பாவம், வேலை இல்லாத பெஞ்ச் ரிசோர்ஸ் மாதிரி உட்கார்ந்திருக்கு. எஸ் சேர்க்கணுமா கூடாதான்னு பரீட்சையில மட்டும் ரெண்டு மார்க்குக்குக் கூப்பிடுவாங்க. பேசும்போது அதைக் கூப்பிட ஆளே இல்லை. தமிழ்ப் பிள்ளை பத்து வருஷம் இங்கிலீஷ் படிச்சும் ஐ கோ, ஐ டிரிங்க், ஐ லிவ்னு இயல்பா சொல்ல வராம முழிக்கிறதுக்கு இதுதான் காரணம். இது தாய்மொழி பண்ணின வேலை கிடையாது, தாய்மொழியைத் தப்பா மொழிபெயர்த்து நோட்டுல ஒட்டின வேலை.

திருவண்ணாமலைக்காரன்ங்கிறதால எனக்கு இந்தக் கூத்தை தினசரி பாக்கிற பாக்கியம் உண்டு. எங்க ஊர்ல செங்கம் ரோட்டுல ரமணாசிரமத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னா போதும், உலகத்துல இருக்கிற அத்தனை வகை இங்கிலீஷும் காதுல விழும். ஒரு தடவை ஒரு ஆட்டோ அண்ணன் பிரான்ஸ்லேர்ந்து வந்த ஒரு அம்மாவுக்கு கிரிவலத்தை விளக்கிட்டிருந்தார். "ஃபுல் மூன் டே பீப்பிள் வில் வாக் ஃபோர்ட்டீன் கிலோமீட்டர் மேடம். தே வில் நாட் வேர் செப்பல். கார்த்திகை டே, சிக்ஸ் ஓ கிளாக், ஹில் டாப், தே வில் லைட் தி ஃபயர்."

அந்தம்மா கேட்டாங்க, "டுடே?"

"நோ நோ மேடம். கார்த்திகை."

"டுமாரோ?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது, நான் தெளிவாத்தான சொல்றேன்?"

தெளிவாத்தான் சொன்னார். தமிழ்ல. நடப்பாங்க, செருப்பு போட மாட்டாங்க, ஆறு மணிக்கு மலை மேல தீபம் ஏத்துவாங்க. ஒரு எழுத்து பிசகில்லாத தமிழ், எல்லாமே வழக்கத்தைச் சொல்ற வினை. இங்கிலீஷ்ல அதுக்கு நேரா நிக்கிறது சிம்பிள் பிரசன்ட்: வாக், டோன்ட் வேர், லைட். ஆனா டேபிள் அவர் கையில வில்லைத்தான் குடுத்திருக்கு. வில்லைக் கேட்ட அந்தம்மா ஏதோ ஒரு நாள் நடக்கப் போற விஷயம்னு நினைச்சு தேதி கேக்கிறாங்க. சிரிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? அந்த அண்ணன் மண்டையில இலக்கணம் பக்காவா இருக்கு. நடுவுல நிக்கிற மொழிபெயர்ப்பாளன்தான் டுபாக்கூர்.

எதிர்மறையிலயும் இதே கதைதான். "அவர் கறி சாப்பிட மாட்டார்"னா ஹி டஸ்ன்ட் ஈட் மீட். நம்மாளு "ஹி வில் நாட் ஈட் மீட்"னு சொல்லும்போது, வெளிநாட்டுக்காரர் காதுல மனுஷன் தட்டைத் தள்ளி வச்சு அடம் பிடிக்கிற மாதிரி விழும்.

சரி, இந்த விஷயம் யாருக்குமே தெரியாதான்னா, அதுதான் கொடுமை. 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல்லே, தமிழ்ல எதிர்கால வினை வழக்கமா நடக்கிறதைச் சொல்லவும் வரும்னு கவனிச்சு எழுதியிருக்கார். இன்னைக்கும் தமிழ் கத்துக்கிற வெள்ளைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் குடுக்கிறாங்க. ஆசிரமத்துப் பக்கம் தமிழ் படிக்கிற ஒரு ஜெர்மன்காரர் என்கிட்டயே இதை விளக்கினார், "யுவர் ஃபியூச்சர் இஸ் ஆல்ஸோ யுவர் ஹேபிட்"னு. தத்துவம் மாதிரி இருந்துச்சு :-) ஆக, தமிழ் கத்துக்க வர்ற ஜெர்மன்காரருக்கு இந்தச் சூட்சுமம் கிடைக்குது. இங்கிலீஷ் கத்துக்கப் போற தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கலை. ஒரே பாலம்தான். ஒரு கரையில இருக்கிறவனுக்கு மட்டும் கேட்டைத் திறந்து விட்டிருக்காங்க.

கால்டுவெல்லுக்கு முன்னாடியும் நம்ம கையில இருந்த சரக்குதான் இது. இங்கிலீஷ் கிராமர்ல சிம்பிள் பிரசன்ட்டுக்கு முதல் உபயோகம்னு எதைப் போடுவாங்க? யூனிவர்சல் ட்ரூத். சூரியன் கிழக்கே உதிக்கிறது. என்னமோ லண்டன்லேர்ந்து கப்பல்ல வந்த விதி மாதிரி படிச்சோம். தொல்காப்பியம் வினையியலை எடுத்துப் பாருங்க. மூணு காலத்துக்கும் பொதுவா, மாறாம இருக்கிற பொருளை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லால சொல்லணும்னு சூத்திரம் இருக்கு. உரைகாரங்க அதுக்கு உதாரணமா மலை நிக்கிறதையும் ஞாயிறு இயங்குறதையும் காட்டுறாங்க. அந்தப் பொதுச்சொல் 'செய்யும்'ங்கிற வாய்பாடு. அதாவது நம்ம தெரியும், பிடிக்கும் குடும்பம். 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தியும் நன்னூல்ல இதையே வேற வார்த்தையில சொல்றார். ஆக, யூனிவர்சல் ட்ரூத்துக்கு ஒரு தனி வினைவடிவம் வேணும்னு யோசிச்சு விதி எழுதி வச்ச மொழி இது. அந்த மொழிக்காரனைப் பாத்து உனக்கு டென்ஸ் வராது, உன் தாய்மொழி தடுக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்.

கிறு, கின்று கதையும் சுவாரசியம்தான். சங்கப் பாட்டுகள்ல இந்த இடைநிலை அநேகமாக் கிடையாது. அப்புறம் வந்து பெருகினது. 'செய்யும்'தான் அங்க நிகழ்காலத்தையும் சுமந்துச்சு, எதிர்காலத்தையும் சுமந்துச்சு. அந்தப் பழைய பழக்கம்தான் இன்னைக்கும் நம்ம வாயில "ஆறு மணிக்கு வண்டி கிளம்பும்"னு வருது. தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ். டைம்டேபிளுக்கு சிம்பிள் பிரசன்ட்னு கிராமர் புத்தகத்துல தனி விதியா மனப்பாடம் பண்ணோமே, அதுவும் 'உம்'தான். மனப்பாடமே தேவை இல்லை!

இன்னொரு கோளாறும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். தமிழ்ல 'ஆம்', 'இஸ்'க்கு நிகரா ஒட்டுச்சொல் வேண்டியதில்லை. 1902-ல விரூபாட்ச குகையில சிவப்பிரகாசம் பிள்ளை ரமணர்கிட்ட கேட்ட கேள்விகளும், கிடைச்ச பதில்களும்தான் பின்னாடி 'நான் யார்?'ங்கிற சின்னப் புத்தகம் ஆச்சு. தமிழ்ல ரெண்டே சொல். இங்கிலீஷ்ல மூணு: ஹூ ஆம் ஐ. அந்த நடுவுல நிக்கிற 'ஆம்' எதுக்குன்னு நம்ம குழந்தைக்கு யாரும் சொல்றதில்லை. எல்.கே.ஜி.யில "ஐ ஆம் எ பாய்" ஒப்பிக்கும்போது 'ஐ ஆம்' மொத்தமும் சேர்ந்து நான்னு பதிஞ்சு போகுது. அப்புறம் ஐ ஆம் அக்ரீ, ஐ ஆம் கோ, ஐ ஆம் டோன்ட் நோ எல்லாம் வரிசையா வரும். இதைத் திருத்தப் போற வாத்தியார் அந்த ஆமை எடுக்கிறதுக்குப் பதிலா, பின்னாடி ஒரு இங்கைச் சேத்து விட்டுடுறார். வாக்கியம் பாக்க லட்சணமா ஆயிடுது. நோயிங், ஹேவிங் ரெடி.

எங்க ஊர் ஜெர்மன்காரருக்கு மறுபடி வர்றேன். ஜெர்மன்ல படிக்கிறேன், படிச்சுக்கிட்டிருக்கேன் ரெண்டுக்கும் பொதுவா ஒரே வினைவடிவம்தான், இஷ் லேஸ. பிரெஞ்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால ஜெர்மன்காரர் "ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்"பார். நம்ம ஆட்டோ அண்ணன் "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபார்ட்டி இயர்ஸ்"பார். ரெண்டும் இலக்கணப்படி ஒரே அளவு தப்பு. முதல் ஆளு பேசினா ஆக்ஸன்ட் க்யூட்டா இருக்குன்னு சொல்றோம். ரெண்டாவது ஆளு பேசினா ரீல்ஸ் போடுறோம். இந்த இடத்துல எனக்கு வர்ற கோபத்துக்கு பேரு இலக்கணம் இல்லீங்க.

இலக்கியவாதிகளும் இதுல சும்மா இருக்கலை. பம்பாய்க் கவிஞர் நிஸிம் எசக்கியேலோட 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' காலேஜ் பாடத்துல ரொம்பப் பேர் படிச்சிருப்பீங்க. அந்தக் கவிதையோட சிரிப்பு பெரும்பாலும் இந்த 'இங்' மேலதான் நிக்குது. அது அன்பான கிண்டல்னு சொல்றவங்க உண்டு. இருக்கலாம். காது நல்ல காதுதான், மறுக்கலை. ஆனா கிளாஸ்ல அதைப் படிச்சுக் காட்டும்போது முதல் பெஞ்சு சிரிக்கும். தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த கடைசி பெஞ்சு, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு புரியாம, புரிஞ்ச மாதிரி சிரிக்கும். அந்த ரெண்டாவது சிரிப்பை யாரும் கவிதை ஆக்கலை.

இங்கிலீஷ் என்னமோ ஆதியிலேர்ந்து இந்த விதியோட பிறந்த மாதிரி பேசுறதும் அபத்தம். ஹாம்லெட்ல, புத்தகமும் கையுமா வர்ற ஹாம்லெட்கிட்ட பொலோனியஸ் என்ன படிக்கிறீங்கன்னு கேட்பார். அவர் கேக்கிறது சிம்பிள் பிரசன்ட்ல. 1600 வாக்குல அது சரி. இன்னைக்கு அதே கேள்வியை இன்டர்வியூல கேட்டா கம்யூனிகேஷன் வீக். "வீடு கட்டப்பட்டுக்கிட்டிருக்கு"ங்கிற இஸ் பீயிங் பில்ட், நாம பாஸிவ் வாய்ஸ்னு விழுந்து விழுந்து படிச்சது, அது நுழையும்போது அங்கேயே பெரிய ரகளை. 1870-ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட்னு ஒருத்தர் அதைத் திட்டுறதுக்குன்னே தன் புத்தகத்துல ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். யார் ஜெயிச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2003-ல மெக்டொனால்ட்ஸ் "ஐ'ம் லவ்விங் இட்"னு போர்டு வச்சான். லவ் ஸ்டேட்டிவ் வெர்ப், இங் வராதுன்னு எந்த ஹெச்.ஆரும் பர்கர் கடையை ரிஜெக்ட் பண்ணலை.

ரிஜெக்ட்னதும் ஞாபகம் வருது. ஒரு கம்பெனியில, பேர் வேண்டாம், ஃப்ரெஷர் இன்டர்வியூ பேனல்ல என்னை உட்கார வச்சாங்க. எங்க மாவட்டத்துப் பையன் ஒருத்தன் வந்தான். வீட்டுல முதல் பட்டதாரி. டேட்டாபேஸ் டெட்லாக் பத்திக் கேட்டோம். போர்டுல படம் போட்டு, ரெண்டு டிரான்ஸாக்ஷன் எப்படி ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு, எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாத தெளிவோட விளக்கினான். விளக்கும்போது "திஸ் டிரான்ஸாக்ஷன் இஸ் ஹேவிங் லாக், தட் ஒன் இஸ் வான்டிங் தி சேம் லாக்"னான். பக்கத்து சீட்டுக்காரர் குனிஞ்சு சிரிச்சார். பையன் பாத்துட்டான். அதுக்கப்புறம் கேட்ட எல்லாத்துக்கும் எஸ் சார், நோ சார் மட்டும்தான். சாயங்காலம் ஃபீட்பேக் மெயில் வந்துச்சு: "ஹி இஸ் லாக்கிங் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்."

இஸ் லாக்கிங்! லாக் ஸ்டேட்டிவ் வெர்ப் சார். ஹி லாக்ஸ்னு வரணும். நான் அதைச் சொல்லியே சண்டை போட்டேன். ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க, பையனுக்கு வேலை மட்டும் கிடைக்கலை. அதே தப்பை ஏசி ரூம்ல உட்கார்ந்து பண்ணினா மேனேஜர், பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து பண்ணினா எம்.டி.ஐ.

இந்த இடத்துல ஒரு கோஷ்டி கொடி பிடிச்சுக்கிட்டு வரும். "இந்தியன் இங்கிலீஷ்னு ஒண்ணு இருக்கு, சிங்கப்பூர்க்காரன் மாதிரி நாமளும் நம்ம இங்கிலீஷைப் பெருமையா பேசுவோம், இதுல தப்பு சரி பாக்கிறதே அடிமைப் புத்தி." கேக்க ஜோரா இருக்கு. நானும் பாதி ஒத்துக்குவேன். ஆனா இதைச் சொல்றவர் அனேகமா கான்வென்ட்ல படிச்சிருப்பார், அவருக்கு ஐ ஹேவ், ஐ நோ எல்லாம் தண்ணி பட்ட பாடு. தேவைப்படும்போது அவர் அந்தப் பக்கம் தாவிக்குவார். செங்கம் தாண்டி கிராமத்துலேர்ந்து வர்ற பையனுக்குத் தாவ இடம் இல்லை. எழுதும்போது கிராமர்லி காப்பாத்தும், கிளையன்ட் காலுக்குள்ள யார் வந்து காப்பாத்துவா? ஸ்டாண்டப் மீட்டிங்ல மைக்கை மியூட்லயே வச்சுக்கிட்டு சாட்ல டைப் பண்ற பிள்ளைங்களை நான் தினமும் பாக்கிறேன். நல்லா கோட் எழுதுற பிள்ளைங்க. அவங்ககிட்ட போய் "உன் இங்கிலீஷ் அழகு தம்பி"ன்னு சொல்லிட்டு வந்தா அடுத்த அப்ரெய்சல்ல யாருக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

அவங்களுக்கு வேணும்கிறது மூணே மூணு விஷயம், அதுவும் தமிழ்ல. சும்மா குறை சொல்லிட்டுப் போறான்னு பேர் வரக்கூடாது, அதனால எழுதிடுறேன்.

இங் போடுறதுக்கு முன்னாடி அதே வாக்கியத்தை மனசுக்குள்ள கிட்டிருக்கேன், கிட்டிருக்குன்னு சொல்லிப் பாக்கணும். தமிழ்ல நல்லா இருந்தா இங் போடலாம். காது கூசினா போடாதே. "புரிஞ்சுக்கிட்டிருக்கு சார்" - கூசுது, அதனால ஐ அண்டர்ஸ்டாண்ட். "டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன்" - கூசலை, அதனால ஐ ஆம் டெஸ்டிங். "இப்பல்லாம் தினமும் ஜிம்முக்குப் போய்க்கிட்டிருக்கேன்" - கூசலை, ஐ ஆம் கோயிங் டு த ஜிம் எவ்ரிடே, இங்கிலீஷ்காரனும் ஒத்துக்குவான், கொஞ்ச நாள் கூத்துங்கிற அர்த்தத்துல. (ரெண்டு பேருக்குமே அந்த ஜிம் எவ்வளவு நாளைக்குன்னு தெரியும்.)

வழக்கத்தைச் சொல்ற வேன், வாங்க, உம், மாட்டாங்க வந்தா வில் போடக்கூடாது. சிம்பிள் பிரசன்ட், எதிர்மறைன்னா டோன்ட், டஸ்ன்ட். நாளைக்கு ஒரு தடவை நடக்கப் போறதுக்கு மட்டும் வில்.

ஐ வேற, ஆம் வேற. இதை எல்.கே.ஜி.யிலயே பிரிச்சுச் சொல்லணும்.

நம்ம தொழில்லயே இதுக்கு உதாரணம் கொட்டிக் கிடக்கு. ஒரு ஃபங்ஷனோட டாகுமென்டேஷனைத் திறந்தா "ரிட்டர்ன்ஸ் எ லிஸ்ட்"னு இருக்கும். அது அந்த ஃபங்ஷனோட குணம், நீங்க ரன் பண்ணினாலும் பண்ணாட்டியும் அது அப்படித்தான். சர்வரை ஸ்டார்ட் பண்ணினா லாக்ல "லிசனிங் ஆன் போர்ட் 8080"னு வரும். அது இந்த நிமிஷம் ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸ், கன்ட்ரோல் சி அடிச்சா செத்துடும். டாகுமென்ட்னா சிம்பிள், லாக்னா கண்டினியுவஸ். எங்க டீம்ல ரெண்டு பேருக்கு இதை ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொன்னேன், அவ்வளவுதான் செலவு. எந்த இங்கிலீஷ் சென்டருக்கும் போகலை.

இந்த கிட்டிருக்கேன் டெஸ்ட் எல்லா இடத்துலயும் பாஸாகாது, அதையும் சொல்லியாகணும். கிரிக்கெட் கமென்டரி ஒரு உதாரணம். பந்து கண்ணு முன்னாடி பறக்கும்போதே இங்கிலீஷ் வர்ணனையாளர் சிம்பிள் பிரசன்ட்லதான் கத்துவார், அதுக்கு அவங்க ஊர் நியாயம் ஒண்ணு இருக்கு. "பத்து வருஷமா இங்க இருக்கேன்" வகையறாவுல தமிழ் நிஜமாவே நம்மளைக் கவுத்து விடும். அங்க இங்கிலீஷ் ஹேவ் பீன் கேக்கும், நம்மகிட்ட அது இல்லை. அங்க வேணும்னா எம்.டி.ஐ.ன்னு சொல்லிக்குங்க, சண்டைக்கு வர மாட்டேன். அந்த 'சின்ஸ் டென் இயர்ஸ்' பஞ்சாயத்தை வேறொரு நாள் வச்சுக்கலாம்.

வாத்தியார் வேலையில இருக்கிற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, அந்த நாலு கட்ட டேபிளை உங்க கிளாஸ் போர்டுலேர்ந்து அழிச்சுட்டு, அழிச்சதா பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லுங்க. முடியாதுன்னா ஏன்னு சொல்லுங்க, பேசலாம்.

பௌர்ணமிக்கு ஊருக்குப் போறேன். (ஐ ஆம் கோயிங். முடிவு பண்ணி வச்ச எதிர்காலத்துக்கு இங்கிலீஷும் கண்டினியுவஸ்தான், தமிழும் போறேன்தான். பஸ்ல சீட்டுதான் இன்னும் கிடைக்கலை.)